ரங்கூன் டவுன் பஸ்ல ஒரு பொங்கல் வாரம்

ஜனவரி 12, 2019, சனி

பாங்காக்ல பிளைட் மாறி மத்தியானம் ரங்கூன் வந்து எறங்கியாச்சு. இப்ப பேரு யாங்கோன், ஆனா இங்க இருக்க நம்ம ஜனங்க வீட்டுக்குள்ள ரங்கூன்னு தான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதிக்கிறேன். தங்குறது தாம்வே பக்கம், மாமா வீட்ல. கூடப்பொறந்த மாமா இல்ல, அம்மாவுக்குப் பெரியப்பா மகன். 1964ல கடைகண்ணிய எல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப எங்க தாத்தா கப்பலேறி திருச்சி வந்துட்டாரு, அவரோட அண்ணன் குடும்பம் இங்கயே இருந்துருச்சு.

கெளம்பும்போது ஊர்ல ஆளாளுக்கு ஒரு பயமுறுத்தல். பர்மாவா, பஸ்ல ஏறாத, பிளேடு போட்டுருவான், எங்க போனாலும் டாக்சி புடிச்சுக்கன்னு. இங்க வந்து பாத்தா டாக்சிக்கு மீட்டர் கெடையாது, பேரம் பேச பாஷை வேணும், போன்ல டாக்சி கூப்புடுற கிராப் ஆப் இருக்கு தான், ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா ரோடே நகராது, ரெண்டாயிரம் மூவாயிரம் கியாட் குடுத்து ஒரு எடத்துல உக்காந்திருக்குறதுக்கு பஸ்ல 200 கியாட் குடுத்து அதே எடத்துல உக்காந்திருக்கலாம்ல. 200 கியாட்னா நம்ம காசுக்கு ஒம்பது பத்து ரூபா தான். அதனால இந்த வாரம் பூரா பஸ் தான்னு முடிவு பண்ணிட்டேன். மாமாவுக்கு சந்தோசம், அத்தைக்கு கவலை. சாப்பாடு போட்டுக்கிட்டே அத்தை பாடம் ஆரம்பிச்சாச்சு, பை முன்னாடி இருக்கணும், செயின கழட்டி வச்சிரு, துப்பட்டாவ பின் பண்ணு (அது எதுக்குன்னு நாளைக்கு சொல்றேன்), தனியா போகாத.

ஏர்போர்ட்ல இருந்து வரும்போதே ஒண்ணு கவனிச்சேன். வண்டி எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் ஓடுது, அமெரிக்கா மாதிரி. ஆனா பாதி வண்டில ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கு, நம்ம ஊர் மாதிரி. வெள்ளைக்காரன் காலத்துல இவங்களும் இடது பக்கம் தான் ஓட்டிட்டு இருந்தாங்க, 1970ல ராணுவ ஜெனரல் நே வின் ஆட்சியில ராவோட ராவா வலது பக்கம் மாத்திட்டாங்க. ஏன்னு கேட்டா ஜோசியர் சொன்னாருன்னு ஒரு கதை, கனவு கண்டாருன்னு ஒரு கதை. காரணம் எதுவா வேணா இருக்கட்டும், வண்டி எல்லாம் ஜப்பான்ல இருந்து செகண்ட் ஹேண்டா வந்ததால ஸ்டியரிங் மட்டும் மாறவே இல்ல. டிரைவர் நடைபாதை ஓரமா உக்காந்து ஓட்டுறாரு. முன்னாடி போற லாரிய ஓவர்டேக் பண்ணணும்னா எதிர்ல வர்றது அவர் கண்ணுக்கே தெரியாது, மொத்த வண்டியையும் வெளிய நீட்டினா தான் தெரியும். இத புரிஞ்சுக்கிட்டதுல இருந்து பிளேடு பயம் எனக்கு ரெண்டாவது எடத்துக்குப் போயிருச்சு.

ஜனவரி 13, ஞாயிறு

காலைல காளி கோயிலுக்கு. அனவ்ரத்தா ரோட்ல இருக்கு, நம்ம தமிழாளுங்க 1871ல கட்டுனது, கோபுரத்துல பொம்மை ஒவ்வொண்ணும் புதுசா பெயிண்ட் அடிச்ச மாதிரி பளபளன்னு நிக்குது. கோயில பத்தி நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் அங்க போய்ச் சேந்த கதைய சொல்றேன்.

ஸ்டாப்ல நிக்கும்போதே மாமா சொன்னாரு, ரோட கடக்கும்போது மொதல்ல இடது பக்கம் பாரும்மான்னு. கேக்க சின்ன விஷயமா தான் இருக்கும். ஆனா நமக்கு பொறந்ததுல இருந்து வலது பக்கம் பாத்து தான் பழக்கம், கழுத்து தன்னால அந்தப் பக்கம் தான் திரும்புது, அந்த ஒரு செகண்ட்ல இடது பக்கத்துல இருந்து பஸ் வந்துரும். ஆந்திரா பக்கம் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் இப்படித் தான் வந்த அன்னைக்கே ஒரு கார்ல இடிபட்டு கால்ல கட்டு போட்டாராம். ரங்கூன் சிட்டிக்குள்ள 2003ல இருந்து மோட்டார் பைக்குக்கு தடை, அந்த வகையில நம்ம ஊரவிட மேல், பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல சந்துல பூந்து வர்ற ஆள் இல்ல.

பஸ் வந்துச்சு. கதவு வலது பக்கம். இதுல ரெண்டு ஜாதி பஸ் இருக்கு. ஒண்ணு சைனாவுல இருந்து புதுசா வாங்குனது, ஏசி, ஸ்டியரிங் இடது பக்கம், எல்லாம் ஒழுங்கு. இன்னொண்ணு பழைய ஜப்பான் வண்டி, ஜப்பான் எழுத்து கூட அப்படியே இருக்கும், ஜப்பான்ல இடது பக்கம் ஓட்டுறதால அதுல கதவும் இடது பக்கம் தான் இருந்திருக்கு, இங்க வந்ததுக்கு அப்புறம் வலது பக்கம் வெட்டி புதுக்கதவு வச்சிருக்காங்க. வெட்டி வச்ச கதவு எல்லா வண்டிலயும் ஒரே அளவு இல்ல, படி சில வண்டில ரொம்ப ஒசரம். அத்தை மாதிரி முட்டி வலிக்காரங்க ஏறுறதுக்குள்ள டிரைவர் நகத்திருவாரு. அதுக்கு அத்தை வச்சிருக்க வழி, ஏறும்போது டிரைவர் மூஞ்சிய பாத்து கைய காட்டிக்கிட்டே ஏறுறது. "அவன் என்னய பாத்துட்டான்னா நகத்த மாட்டான், பாக்கலைன்னா நான் மூட்டை தான்."

உள்ள ஏறுனதும் டிரைவர் பக்கத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுல 200 கியாட் நோட்ட போடணும். சில்லறை திருப்பித் தரமாட்டாங்க. பெரிய நோட்டு வச்சிருக்க ஆளு என்ன பண்றாருன்னா ஆயிரத்த பெட்டில போட்டுட்டு அங்கயே நின்னு பின்னாடி ஏறுற நாலு பேர்கிட்ட 200 200ஆ கையில வாங்கிக்கிறாரு, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. ஆனா மாமா சொல்றாரு திருடனுக்கும் இது தான் புடிக்குமாம். வாசப்படில நெரிசல், எல்லார் கையிலயும் பர்ஸ் தெறந்திருக்கு, யார்கிட்ட எவ்ளோ இருக்கு எந்தப் பையில போகுதுன்னு நின்னு பாத்துக்கலாம். அதனால வீட்ல இருந்து கெளம்பும்போதே 200 கியாட் நோட்டா நாலஞ்சு எண்ணி தனியா மேல்பையில வச்சிரணும், பர்ஸ பஸ்ல எடுக்கவே கூடாது. இது சென்னைக்கும் பொருந்தும் தான், ஆனா சென்னையில கண்டக்டர் நம்மகிட்ட வர்றாரு, இங்க நாம பெட்டிகிட்ட போறோம், அது தான் வித்தியாசம்.

ஒரு வேடிக்கை. இங்க ஆம்பளைங்க லுங்கிக்குப் பின்னாடி இடுப்புல போனையும் பர்ஸையும் சொருகிக்கிட்டு தெருவுல ஜம்முனு நடக்குறாங்க, பாதி வெளிய தெரியும், யாரும் எடுக்குறதில்ல. ஆனா அதே ஆளு பஸ் படில கால் வைக்கும்போது கை தன்னால பின்னாடி போய் போன உருவி முன்னாடி வயித்துப் பக்கம் சொருகுது. யாரும் போர்டு எழுதி வைக்கல, கூட்டத்துல ஒவ்வொருத்தரும் அதையே செய்யுறாங்க. நான் ஜன்னலோரம் உக்காந்து அத தான் பாத்துட்டு வந்தேன்.

ஜன்னல்ல இன்னொரு ஆபத்து, வெத்தலை. இங்க ஆம்பளை பொம்பளை டிரைவர் எல்லாம் வெத்தலை தான், முன்னாடி சீட்டுக்காரர் ஜன்னல் வழியா துப்புனா பின்னாடி ஜன்னல்ல கை நீட்டி வச்சிருக்கவங்க கதி அதோகதி. துப்பட்டா பின் விஷயமும் இது தான், காத்துல வெளிய பறந்து செவப்பா திரும்பி வருமாம்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல் சாமான் வாங்க அத்தையோட தெயின்ஜி மார்க்கெட். மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம் எல்லாம் கெடைக்குது. கரும்பு வாங்குனதும் தான் பிரச்சனை. முழுக்கரும்பா தான் வேணும்னு அத்தை, டாக்சி வேணாம்னும் அத்தை. சரின்னு சாயங்காலம் சூலே ஸ்டாப்புக்கு வந்தோம்.

சூலே பகோடா பக்கத்துல சிட்டி ஹால் ஓரமா நிக்குற கூட்டத்த பாத்தா நம்ம பிராட்வே ஞாபகம் வரும். பஸ் ஓரத்துக்கு வராம ரெண்டாவது லேன்லயே நிக்கும், ஜனம் ரோட்ல எறங்கி ஓடும், ஓடுற ஜனத்துக்கும் நடைபாதைக்கும் நடுவுல டாக்சி பூந்து வரும். அத்தை ஓடல. ஒரு பஸ்ஸ விட்டாங்க, அடுத்ததையும் விட்டாங்க. "ஓடிப்போய் ஏறுற பஸ் நமக்கு வேணாம், நம்மகிட்ட வந்து நிக்கிற பஸ் வரும்." எனக்குப் பொறுமை போயிருச்சு, ஆனா நெஜமாவே ஒண்ணு ஓரமா வந்து நின்னுச்சு.

கரும்பு ஏறுச்சு. குறுக்க புடிச்சா யார் கண்ணையாவது குத்தும், நேரா நிறுத்துனா கூரைய இடிக்கும். ஒரு காலேஜ் பையன் பர்மியத்துல ஏதோ சொல்லி தோகைய மடக்கி அவன் கால் பக்கமா சாச்சு வச்சுக்கிட்டான், உக்காந்திருந்த ஒரு சீன அம்மா எங்க மஞ்சள் பைய வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. கைரெண்டும் காலி ஆனதும் அத்தை மேல கம்பிய புடிச்சாங்க. அப்ப தான் எனக்கு உறைச்சுச்சு, பை ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு நின்னிருந்தா பிரேக் போட்டப்ப நாங்க ரெண்டு பேரும் டிரைவர் மடியில தான். அந்த டிரைவர் போட்ட பிரேக் அப்படி.

நிக்கிற எடத்தையும் அத்தை காட்டிக் குடுத்தாங்க. கதவுகிட்ட நிக்கக் கூடாது, எறங்குற மாதிரி பாவ்லா காட்டி இடிச்சு எடுக்குறவன் அங்க தான் நிப்பான், எடுத்ததும் குதிச்சிருவான். கடைசி சீட்டுக்கு முன்னாடியும் வேணாம், குலுக்கல் ஜாஸ்தி. நடுவுல, சீட்டு முதுக ஒட்டி, முதுகு யாருக்கும் குடுக்காம. முன்னாடி சீட்டுல ஒரு சாமியார் வந்து உக்காந்தாரு, புத்த பிக்கு, ஏற்கெனவே இருந்தவர் எந்திரிச்சு எடம் விட்டுட்டாரு, பொம்பளைங்க பிக்கு மேல படாம நிக்கணும்னு கூட்டம் தன்னால ஒரு அடி விலகுச்சு. அந்த நெரிசல்ல அந்த ஒரு அடி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல.

ஜனவரி 16, புதன்

நேத்து பொங்கல், சாப்ட்டு தூங்கினேன், எழுத ஒண்ணுமில்ல.

இன்னைக்கு தேதிய பாத்துட்டு மாமா சொன்னாரு, இந்த புது பஸ் சர்வீஸ் ஆரம்பிச்சு சரியா ரெண்டு வருசம் ஆகுதுன்னு. 2017 ஜனவரி 16. யாங்கோன் பஸ் சர்வீஸ், சுருக்கமா ஒய்பிஎஸ். அதுக்கு முன்னாடி முந்நூறுக்கு மேல ரூட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு முதலாளி, டிரைவரும் கண்டக்டரும் முதலாளிக்கு தெனம் இவ்ளோன்னு கட்டிட்டு மிச்சத்த எடுத்துக்கணும். கண்டக்டருக்கு இங்க ஸ்பேர்னு பேரு. மிச்சம் வேணும்னா ஜனம் ஏறணும், ஜனம் ஏறணும்னா முன்னாடி போற பஸ்ஸ முந்தணும். அவ்ளோ தான் கணக்கு, ரோட்டுல தெனம் ரேஸ். மாமா சின்னப் பிள்ளையா இருக்கும்போது ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளம் விட்டுட்டுப் போன செவ்ரோலே லாரிக்கு மரப்பொட்டி கட்டி பஸ்ஸா ஓட்டுவாங்களாம், அதுல பின்னாடி தொங்கிட்டு பள்ளிக்கூடம் போனதை ஏதோ பெரிய பதவி மாதிரி சொல்றாரு.

2017ல ரூட்ட எல்லாம் சுருக்கி, டிரைவருக்கு சம்பளம்னு ஆக்கி, பெட்டி வச்சு பெரும்பாலான பஸ்ல ஸ்பேர எடுத்துட்டாங்க. ரேஸ் அடங்குச்சு, முழுசா நிக்கலைன்னாலும் அடங்குச்சு. என்னக் கேட்டா பஸ் பாதுகாப்புன்னு நாம பேசுறதெல்லாம் பயணி என்ன செய்யணும்னு தான், பைய புடி, கம்பிய புடி, ஆனா டிரைவருக்கு எப்படி காசு போகுதுங்கிற ஒரு விஷயத்த மாத்துனா அதுல காப்பாத்துற உசுரு பத்து அறிவுரையால வராது. நம்ம ஊர்லயும் கலெக்ஷன் பேட்டா வச்சு ஓடுற தனியார் பஸ்ஸும் கவர்மெண்ட் பஸ்ஸும் ஒரே ரோட்ல எப்படி ஓடுதுன்னு திருச்சிக்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

அத்தை ஒத்துக்கல. "ஸ்பேர் பய கத்துவான், புளிச்ச வாய், காசுக்கு சண்ட புடிப்பான், எல்லாம் சரி. ஆனா கொழந்தைய தூக்கி எறக்கி விடுவான். எவனாச்சும் பொம்பளப் பிள்ளைய ஒரசுனா சட்டைய புடிச்சு எறக்கி விடுவான். இப்ப டிரைவர் ஒருத்தன் தான், அவன் ரோட்ட பாப்பானா பின்னாடி பாப்பானா?" மாமா சொல்றாரு ஒரசுறவனே பாதி ஸ்பேர் தான்னு. ராத்திரி சாப்பாடு வரைக்கும் இதே வழக்கு. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமா தான் தெரியுது.

ஜனவரி 17, வியாழன்

அந்த ஒரசுற விஷயம். மாமா பொண்ணு காலேஜ் முடிச்சுட்டு லேடான் பக்கம் ஒரு ஆபீஸ்ல வேலை, தெனம் பஸ். இன்னைக்கு அவ கூட போனேன். காலைல எட்டு மணி பஸ், மூச்சு விட எடமில்ல.

அவ கைப்பையில ஒரு விசில் இருக்கு. 2012ல இங்க பொம்பளைங்க அமைப்பு ஒண்ணு பஸ் ஸ்டாப்ல நின்னு விசில் குடுத்தாங்களாம், எவனாவது சீண்டுனா ஊது, விசில் சத்தம் கேட்டா மத்தவங்க உதவிக்கு வாங்கன்னு நோட்டீஸும் சேத்து. இவ அப்ப ஸ்கூல் பிள்ளை, யாரோ அக்கா குடுத்தத இன்னும் வச்சிருக்கா. ஊதியிருக்கியான்னு கேட்டேன். "இல்லக்கா, கையில எடுத்தாலே போதும், அவன் தள்ளிப் போயிருவான்." அதுக்கும் மசியலைன்னா சத்தமா கேக்கணும், அதுவும் மரியாதையா, "அண்ணா, எடம் பத்தலையா?"ன்னு பர்மியத்துல. பஸ்ஸே திரும்பிப் பாக்கும். திட்டுனா சண்டையாகி யார் சரின்னு கூட்டம் பஞ்சாயத்து பண்ணும், மரியாதையா கேட்டா அவன் தான் கூனிக் குறுகணும்னு அவ கணக்கு.

போலீஸுக்குப் போனா? போகலாம். சட்டம் வெள்ளைக்காரன் போட்டது தான் இன்னும் ஓடுது, நம்ம ஐபிசியும் இவங்க பீனல் கோடும் ஒரே வயித்துல பொறந்தது, பொம்பளை மானத்துக்கு பங்கம் பண்றதுக்கு அங்கயும் 354 இங்கயும் அதே 354. போலீஸ் நம்பர் 199, ஆம்புலன்ஸ் 192, தீயணைப்பு 191, மூணையும் போன்ல போட்டு வச்சுக்கிட்டேன். ஆனா ஓடுற பஸ்ல நடந்ததுக்கு ஸ்டேஷன் போய் யார சாட்சி சொல்ல கூப்புடுறதுன்னு அவ கேட்டா. பதில் இல்ல.

ரெண்டு மூணு வார்த்தை சொல்லிக் குடுத்தா, வெளியூர்க்காரங்களுக்கு உதவும். எறங்கணும்னா "மத்தைன் பா தெ", ஸ்டாப் இருக்குங்கன்னு அர்த்தம், சத்தமா சொல்லணும், சொல்லலைன்னா சில டிரைவர் நிறுத்தாமயே போயிருவாரு, அப்புறம் தெரியாத எடத்துல எறங்கி நடக்கணும். உதவிக்கு "கூ ஞீ பா". ஜாக்கிரதைக்கு "ததி தா". திரும்பி வரும்போது எங்க பஸ்ல ஒரு தாத்தா யாரையோ பாத்து ததி தா ததி தான்னு சொல்லிட்டே இருந்தாரு, பாத்தா ஒரு பொண்ணு முதுகுப்பை ஜிப் தெறந்து கெடக்கு. அந்தப் பொண்ணு பைய முன்னாடி மாட்டுனதும் பக்கத்துல இருந்த ஒருத்தன் அடுத்த ஸ்டாப்ல சத்தமில்லாம எறங்கிட்டான். அவன் தானான்னு யாருக்கும் தெரியாது. தாத்தா எதுவும் நடக்காத மாதிரி வெத்தலை மடிச்சாரு.

ஜனவரி 19, சனி

சிரியம் பக்கம் பீலிக்கான் முனீஸ்வரர் கோயில். சிரியம்னா இப்ப தன்லின். பெகு ஆத்து மேல ரயிலும் ரோடும் சேந்து போற பாலம், அதத் தாண்டுனா வயக்காடு, கிராமம், நெறைய தமிழ்க் குடும்பம், கோயில்ல பாத்தா பர்மாக்காரங்களும் வந்து எலுமிச்சம்பழம் வெட்டிட்டு போறாங்க. புது வண்டி வாங்குனவங்க இங்க கொண்டு வந்து பூஜை போடுறாங்க, கார் வரிசையா நிக்குது. ரங்கூன் டிரைவிங்க பாத்த எனக்கு அதுல ஒரு ஆச்சரியமும் இல்ல.

போகும்போது சுலபம். திரும்பும்போது இருட்டிருச்சு. மாமா சொல்லியிருந்தாரு, இருட்டுனதுக்கு அப்புறம் காலி பஸ்ல பின்னாடி உக்காராத, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல உக்காரு, ஒம்பதுக்கு மேல பஸ் கொறஞ்சிரும், அதுக்குள்ள தாம்வே வந்துருன்னு. அப்படியே செஞ்சோம். வண்டில பத்து பேர் கூட இல்ல, அதுல ரெண்டு பேர் குடிச்சிருந்தாங்க, அவங்க பாட்டுக்கு தூங்கிட்டு வந்தாங்க.

எறங்கும்போது தான் நெஜமான ஆபத்து இருந்துச்சு. ரங்கூன் நடைபாதையில சாக்கடை மேல போட்ட கல்லு பல எடத்துல ஒடஞ்சு, சில எடத்துல இல்லவே இல்ல, தெருவிளக்கும் எல்லா ஸ்டாப்லயும் எரியல. மாமா பொண்ணு போன் டார்ச்ச எறங்குறதுக்கு முன்னாடியே போட்டு, வெளிச்சத்த கீழ அடிச்சு, தரைய பாத்துட்டு தான் கால எடுத்து வச்சா. நேரா என் படிக்கு கீழயே ஒரு ஓட்டை, கால் முழுசா உள்ள போயிருக்கும். மழைக்காலத்துல ரோடு பூரா தண்ணி நிக்கும்போது எது தரை எது சாக்கடைன்னே தெரியாதாம், அப்ப முன்னாடி போற ஆள் கால் வச்ச எடத்துலயே கால் வைக்கணுமாம். அப்புறம் நாய். ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஒரு கும்பல் படுத்திருக்கு. ஓடாம, பாக்காம, பேசிக்கிட்டே நடந்து வந்தோம், ஒண்ணும் பண்ணல, கடிச்சா மட்டும் அன்னைக்கே ஊசிக்குப் போயிரணும்னு அத்தை வாசல்லயே நின்னு இன்னொரு பாடம்.

நாளைக்கு காலைல பிளைட். பொட்டி கொஞ்சம் பெருசு, அத தூக்கிட்டு நெரிசல்ல ஏறுறது அடுத்தவங்களுக்கும் தொந்தரவு, அதனால ஏர்போர்ட்டுக்கு மட்டும் டாக்சி சொல்லியாச்சு. ஏப்ரல்ல வர்றதா சொன்ன ரெண்டு மூணு பேருக்கு மாமா பொண்ணு ஒண்ணு சொல்லச் சொன்னா: திஞ்சான் தண்ணித் திருவிழா சமயம் பஸ் கம்மியா தான் ஓடும், ஓடுற பஸ் மேலயும் தண்ணி அடிப்பாங்க, சில பயலுக ஐஸ் தண்ணி, பைப்பு போட்டு நேரா மூஞ்சிக்கு அடிப்பானுங்க, ஜன்னலோரம் உக்காராதீங்க, போன ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சுக்கோங்க.